பனிக்கரடியின் காலடிச் சத்தம் பொய்தான், அதனால் கரடியே பொய்யாகிவிடுமா?

செந்தூலில் இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். அவருடைய ஒன்பது வயது மகனுக்கு விலங்குப் படங்கள் என்றால் உயிராம். பள்ளியில் யாரோ "பனிக்கரடி குட்டி போட்டத ஸூவுல எடுத்துட்டு வட துருவம்னு ஏமாத்திட்டாங்க" என்று சொல்லிவிட, அன்றிலிருந்து எதைப் போட்டாலும் "இதுவும் பொய்தானேம்மா" என்கிறானாம். அவனுக்கு என்ன சொல்வது, இந்தப் படங்களில் எவ்வளவு நிஜம், அப்புறம் நம்ம நாட்டுக் காடு ஏன் இவற்றில் அதிகம் வருவதில்லை என்பதுதான் அவர் கேட்டது. நான் கோலாலம்பூரில் தொலைக்காட்சிப் படங்களுக்கு ஒலி சேர்க்கும் வேலையில் இருக்கிறவன், காட்டுக்குள் ஒலிப்பதிவுக்கும் போய் வருகிறவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

பையன் கேள்விப்பட்டது உண்மைதான் அக்கா. 2011இல் பிபிசி வெளியிட்ட 'ஃபுரோசன் பிளானட்' தொடரில், பனிக்குகைக்குள் தாய்க்கரடி பிறந்த குட்டிகளோடு படுத்திருக்கும் காட்சி ஐரோப்பாவில் ஒரு விலங்குக்காட்சிசாலையில் எடுத்தது. அந்த வருடக் கடைசியில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் இதைப் பிடித்துக்கொண்டு கிழிகிழியென்று கிழித்தன. பிபிசி அதை ஒளித்தும் வைக்கவில்லை, எப்படி எடுத்தோம் என்ற துண்டுப்படம் அவர்களுடைய இணையத்தளத்திலேயே இருந்தது. ஆனால் படத்தில் டேவிட் ஆட்டன்பரோ பேசும் வர்ணனையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சண்டை வந்தது அதனால்தான். நிஜக் குகைக்குள் கேமராவை நுழைத்தால் தாய் மிரண்டு குட்டியைக் கொன்றாலும் கொல்லும், கேமராக்காரர் மேல் பாய்ந்தாலும் பாயும் என்று அவர் தரப்பில் சொன்ன காரணம் எனக்கு நியாயமாகவே படுகிறது. என்னைக் கேட்டால் ஸூவில் எடுத்தது குற்றமில்லை, சொல்லாமல் விட்டதுதான் குற்றம். ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் உங்கள் மகனுக்கு இன்றைக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

இது ஏதோ அபூர்வமாக நடப்பதும் இல்லை. எலி வளைக்குள், எறும்புப் புற்றுக்குள், ஓடைக்கு அடியில் ஒரு விரல் நீள மீனுக்குப் பக்கத்தில் என்று கேமரா போகிற காட்சிகளில் கணிசமானவை பாதி வெட்டிய புற்றிலும் கண்ணாடித் தொட்டியிலும் எடுத்தவைதான். பூச்சியளவு உயிரினங்களுக்கு வேறு வழி கிடையாது. அவை செய்வது அவற்றின் இயல்பான வேலைதான் என்றால் எனக்கு அதில் புகார் இல்லை.

சரி, என் பக்கத்து ரகசியத்துக்கு வருகிறேன், பையனுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். நீங்கள் கேட்கிற ஒலியில் பெரும்பகுதி அந்த இடத்தில் பதிவானதே இல்லை. ஒரு சிறுத்தையையோ கரடியையோ இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளி நின்று பெரிய லென்ஸில் எடுக்கிறார்கள். லென்ஸ் அந்தத் தூரத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு வந்துவிடும், மைக் அப்படி இழுக்காது, அதில் விழுவதெல்லாம் காற்றும் கேமராக்காரரின் இருமலும்தான். ஹெலிகாப்டரிலிருந்தோ டிரோனிலிருந்தோ எடுத்தால் இறக்கைச் சத்தம் தவிர வேறெதுவும் கிடைக்காது. நொடிக்கு ஆயிரம் படம் எடுத்து மெதுவாக ஓட்டும் காட்சிக்கும், ஒரு மொட்டு பத்து நொடியில் மலரும் காட்சிக்கும் சொந்தச் சத்தம் என்று ஒன்று இருக்கவே முடியாது, ஏனென்றால் அந்த வேகத்தில் உலகத்தில் எதுவும் நடப்பதில்லை. ஆகவே ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்கிறோம். பனியில் கரடி நடக்கும் 'நறுக் நறுக்' சத்தத்துக்குக் காலுறைக்குள் கஸ்டர்ட் பவுடரையோ சோளமாவையோ போட்டுக் கட்டி அழுத்துவது இந்தத் தொழிலில் பிரபலமான வித்தை. பறவை சிறகடிக்க ஒரு ஜோடி தோல் கையுறை போதும்.

இதை ஏமாற்று என்பீர்களா? நான் சொல்லமாட்டேன், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. கரடி நடந்தால் பனி நொறுங்கும் என்பது உண்மை, அந்தச் சத்தத்தைத் திரும்ப உண்டாக்குவது உண்மையை மீறாது. ஆனால் அமெரிக்க வெண்தலைக் கழுகு வாயைத் திறக்கும்போதெல்லாம் செவ்வால் பருந்தின் கூவலைப் போடுகிற பழக்கம் இருக்கிறதே, அது பொய். நிஜக் கழுகின் குரல் கீச்சுக் கீச்சென்று, கம்பீரம் இல்லாமல் இருக்கும், படம் எடுப்பவர்களுக்கு அது பிடிப்பதில்லை. அதேபோல பழைய காட்டுப் படங்களில் ஆப்பிரிக்காவோ ஆசியாவோ எங்கே கதை நடந்தாலும் ஆஸ்திரேலியாவின் கூக்கபரா பறவை சிரித்துக்கொண்டிருக்கும். நம்ம தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் விடியற்காலையில் எழுந்து கிப்பன் குரங்குகள் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் குரல் கொடுப்பதைக் கேட்டவர்களுக்கு, அந்தி சாயும் நேரத்தில் சில்வண்டுகள் ரம்பம் போட்டு அறுப்பதுபோல் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பதைக் கேட்டவர்களுக்கு, படத்தில் மதிய வெயிலில் அந்தச் சத்தத்தை ஒட்டியிருந்தால் உடனே தெரிந்துவிடும். ஒட்டுகிறார்கள், நிறையவே ஒட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒலி விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. காண்டாமிருகங்களிலேயே அதிகம் குரல் கொடுப்பது சுமத்ரா காண்டாமிருகம்தான், முனகும், விசிலடிக்கும், ஆராய்ச்சியாளர்கள் அதைத் திமிங்கிலப் பாட்டோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். மலேசியாவின் கடைசி ஆண் 'தாம்' 2019 மே மாதம் சபாவில் செத்தது, கடைசிப் பெண் 'இமான்' அதே வருடம் நவம்பரில். இனிமேல் மலேசியக் காட்டில் அந்தக் குரலைப் பதிவு செய்ய யாராலும் முடியாது. அவற்றைப் பற்றிய படம் எவ்வளவு செயற்கையாக இருந்தாலும் சரி, எடுத்து வைத்தது மட்டும்தான் மிச்சம்.

அடுத்தது வெட்டி ஒட்டுவது. 'பிளானட் எர்த்' இரண்டாம் தொடரில், 2016இல் வந்தது, கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் ஃபெர்னாண்டினா தீவில் முட்டையிலிருந்து வெளியே வந்த கடல் உடும்புக் குட்டி ஒன்று பாறை இடுக்குகளிலிருந்து பாய்ந்து வரும் பாம்புக்கூட்டத்திடமிருந்து தப்பி ஓடும். பார்த்திருப்பீர்கள், உலகமே பார்த்தது. அது ஒரே குட்டி இல்லை, வெவ்வேறு குட்டிகள் ஓடியதை எடுத்துச் சேர்த்ததுதான், தயாரித்தவர்களே சொல்லிவிட்டார்கள். அங்கே பாம்புகள் குட்டிகளை நிஜமாகவே அப்படித்தான் துரத்துகின்றன, சில தப்புகின்றன, பல மாட்டுகின்றன, ஆனால் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்த 'ஒரு' குட்டியின் கதை வெட்டுமேசையில் பிறந்தது. சிங்க வேட்டையும் அப்படித்தான், பெரும்பாலான வேட்டைகள் தோல்வியில்தான் முடியும், நாள்முழுக்கத் தூங்கும், எழுந்து நாலடி போகும், மறுபடி தூங்கும். அந்த இரண்டாம் தொடருக்கு மட்டும் இரண்டாயிரம் நாட்களுக்கு மேல் படம் பிடித்திருக்கிறார்கள், கையில் கிடைத்தது ஆறு மணி நேரம். தூங்கும் சிங்கத்தை யார் போடுவார்கள்?

அப்பட்டமான மோசடியும் நடந்திருக்கிறது, அதைப் பையனிடம் மறைக்க வேண்டாம். 1958இல் டிஸ்னி எடுத்த 'ஒயிட் வில்டர்னஸ்' படத்தில் லெம்மிங் என்ற எலி போன்ற பிராணிகள் கூட்டம் கூட்டமாகக் கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்வதாகக் காட்டினார்கள். எடுத்தது கனடாவில் கடலே இல்லாத அல்பர்ட்டா மாநிலத்தில். லெம்மிங்குகளை வேறு மாநிலத்தில் காசு கொடுத்து வாங்கிவந்து, சுழலும் மேடையில் ஓடவிட்டுப் பெரிய கூட்டம்போல் காட்டி, கடைசியில் ஆற்றங்கரைப் பாறையிலிருந்து தள்ளியே விட்டார்கள். அதற்கு ஆஸ்கார் வேறு. 1982இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி இதை அம்பலப்படுத்தியது, ஆனாலும் லெம்மிங் தற்கொலை செய்துகொள்ளும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஒரு பொய் படமாகிவிட்டால் அதற்கு ஆயுசு அதிகம். 2013இல் டிஸ்கவரி சேனல், எப்போதோ அழிந்துபோன மெகலடான் சுறா இன்னும் உயிரோடு இருப்பதாக நடிகர்களை விஞ்ஞானிகளாக நடிக்கவைத்து ஒரு படம் போட்டது. இவை இரண்டையும் பனிக்கரடியோடு ஒரே கூடையில் போடக்கூடாது. கரடி குட்டி போடுவது உண்மை, எடுத்த இடம் மட்டும்தான் வேறு. லெம்மிங் தற்கொலை செய்வதே கிடையாது.

இப்போது நம்ம காடு. தாமான் நெகாரா நாலாயிரத்து முந்நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது, பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்று மாநிலத்திலும் இருக்கிறது, ஆனாலும் உலகத் தொடர்களில் அதன் முகம் அவ்வளவாகத் தெரிவதில்லை. காரணம் ரொம்பச் சாதாரணம், கண்ணுக்கு எதுவும் தெரியாது. செரெங்கெட்டியில் ஜீப்பில் உட்கார்ந்தால் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் சிங்கம் தெரியும், இங்கே பத்து மீட்டரில் யானை நின்றாலும் வாசனைதான் முதலில் வரும். மரங்கள் ஐம்பது மீட்டர் உயரம் போகும், வெளிச்சமெல்லாம் மேலேயே தங்கிவிடும், தரையில் பட்டப்பகலில் அந்தி மாதிரி இருக்கும், விலங்குகளில் பாதி தலைக்கு மேலே மரத்திலேயே காலம் தள்ளும். போதாததற்கு மழை, அட்டை, லென்ஸுக்குள் பூஞ்சை. ஒரு தயாரிப்பாளர் கையில் இருக்கும் பணத்துக்கும் நாட்களுக்கும் கணக்குப் பார்த்தால் ஆப்பிரிக்காவுக்குத்தான் டிக்கெட் போடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

அதனால் இங்கே வேலை செய்வது ஆள் இல்லாத தானியங்கிக் கேமராதான், மரத்தில் கட்டிவிட்டு வந்துவிட வேண்டும். உடம்புச் சூடு நகர்வதை உணர்ந்து அது படம் எடுக்கும். நம்ம ஊர் வெப்பத்தில் காற்றின் சூட்டுக்கும் விலங்கின் சூட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, அதனால் சில நேரம் புலியே போனாலும் கேமரா சும்மா இருக்கும், வெயில் பட்ட இலை ஆடினால் நூறு படம் எடுத்துத் தள்ளும். பெட்டிக்குள் எறும்பு குடித்தனம் நடத்தும். யானைக்கு அதைக் கண்டால் ஏனோ ஆகாது, பிடுங்கி மிதித்துவிட்டுத்தான் போகும்.

ஆனால் இதே கேமராவை வைத்து இங்கே ஒரு அருமையான வேலை நடந்தது, எந்தப் பெரிய தொடரிலும் வராத சமாச்சாரம். மலாயா தீபகற்பத்தில் இருக்கும் சிறுத்தைகள் கிட்டத்தட்ட எல்லாமே கருஞ்சிறுத்தைகள், உலகத்தில் வேறெங்கும் இப்படி இல்லை. புலியைக் கோடுகளை வைத்து இது வேறு அது வேறு என்று எண்ணலாம், சாதாரணச் சிறுத்தையைப் புள்ளிகளை வைத்து எண்ணலாம், முழுக்கக் கறுப்பாக இருப்பதை எப்படி எண்ணுவது? திரெங்கானுவில் கென்யிர் பக்கத்துக் காட்டில் ஆராய்ச்சியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, கேமராவில் வெளிச்சத்தை உணரும் கண்ணை மூடிவிட்டார்கள். கேமரா பகலையும் இரவு என்று நினைத்துக்கொண்டு அகச்சிவப்பு ஒளியில் படம் எடுத்தது, அந்த ஒளியில் கறுப்புத் தோலுக்குள் மறைந்திருந்த புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. அதை வைத்து நூறு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் மூன்று சிறுத்தை என்று கணக்கிட்டு 2015இல் வெளியிட்டார்கள். இதை விடவா ஒரு படத்துக்குக் கதை வேண்டும்? நல்ல இசை போட்டு, ஒரு மணி நேரம் தாங்கும். எடுக்கத்தான் ஆள் இல்லை.

புலிக்கும் இந்தக் கேமராக்கள்தான். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பில் தீபகற்பக் காடுகளில் மிஞ்சியிருப்பது 150க்கும் குறைவு என்று தெரியவந்தது. கம்பிக் கண்ணி வைக்கும் கள்ள வேட்டைக்காரர்களும் படம் பார்ப்பார்கள், ஆகவே புலி எங்கே நடந்தது என்பதைப் படத்தில் சொல்லக்கூடாது, பின்னால் தெரியும் பாறையை வைத்து இடம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றால் அந்தக் காட்சியையே தூக்கிவிட வேண்டும். நான் சொல்லாமல் விட்டதைக் குற்றம் என்றேன் அல்லவா, இந்த மாதிரி மறைப்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, என்னை உண்மையில் உறுத்துவது சத்தமும் இல்லை, வெட்டி ஒட்டுவதும் இல்லை. ஃபிரேமுக்கு வெளியே தள்ளப்படுகிற மனிதர்கள்தான். சபாவில் கினபாத்தாங்கான் ஆற்றில் படகில் போனால் நீள்மூக்குக் குரங்கு, குள்ள யானை, ஒராங் ஊத்தான், இருவாட்சி என்று கரையிலேயே வரிசையாகப் பார்க்கலாம், படக்குழுக்களுக்கு அது சொர்க்கம். ஏன் அங்கே மட்டும் அவ்வளவு சுலபமாகத் தெரிகின்றன? கரையோரமாக ஒரு ஒடுங்கிய காட்டுப்பட்டைதான் மிச்சம், அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம். போக்கிடம் இல்லாததால் எல்லாம் ஆற்றோரத்தில் வந்து நிற்கின்றன. கேமராவைக் கொஞ்சம் உயர்த்தினால் செம்பனை தெரிந்துவிடும், அதனால் உயர்த்தமாட்டார்கள். பார்க்கிறவர் 'ஆகா, எவ்வளவு வளமான காடு' என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போவார். ஒவ்வொரு ஷாட்டும் நிஜம், ஸூ இல்லை, கஸ்டர்ட் பவுடர் இல்லை, ஆனால் மொத்தத்தில் கரடிக் காட்சியை விடப் பெரிய பொய்.

நமக்கு இது தெரியாததா என்ன. நம்ம தாத்தா பாட்டிகளில் பாதிப் பேர் காட்டை வெட்டி ரப்பர் நட்ட தோட்டங்களில் வாழ்ந்தவர்கள், விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது நிரையில் புலித்தடம் பார்த்த கதையைச் சொல்லாத தோட்டத்துக் கிழவி உண்டா? அந்தப் புலி வாழ்ந்த இடத்தில் மனிதன், வாளி, நாய், லயத்து அடுப்புப் புகை எல்லாமே இருந்தது. படத்துப் புலிக்கு மட்டும் பக்கத்து வீடே இருப்பதில்லை.

இதை மாற்றிக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். அதே 'பிளானட் எர்த்' இரண்டாம் தொடரின் கடைசிப் பாகம் முழுக்க நகரங்கள்தான், மும்பையில் இரவில் அடுக்குமாடிகளுக்குப் பக்கத்தில் பன்றி பிடிக்கும் சிறுத்தை வரும். 2018இல் வந்த 'டைனஸ்டீஸ்' தொடரில் அண்டார்ட்டிகாவில் பென்குயின்கள் குஞ்சுகளோடு பனிப்பள்ளத்தில் மாட்டிக்கொண்டபோது படக்குழு 'நாம் தலையிடக்கூடாது' என்ற தொழில் விதியை ஓரம் வைத்துவிட்டு மண்வெட்டியால் சரிவு வெட்டிக் கொடுத்தது, அதைப் படத்திலேயே காட்டவும் செய்தது. பென்குயின்களைக் கையால் தூக்கவில்லை, வழி மட்டும் போட்டார்கள், ஏறுவதா வேண்டாமா என்பதை அவை முடிவு செய்தன. எனக்கு அது சரியாகவே பட்டது, இந்தத் தொழிலில் சிலருக்குப் படவில்லை.

நம்ம பக்கத்திலேயே பினாங்கில் தெலுக் பாஹாங்கில் சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்த லோத்தோங் குரங்குகளுக்காக, பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு 2019இல் மேலே பாலம் கட்டினார்கள். 'லங்கூர் புரொஜெக்ட் பினாங்' என்ற குழுவின் வேலை அது. கண்ணைச் சுற்றி வெள்ளைக் கண்ணாடி போட்டமாதிரி இருக்கும் அந்தக் குரங்கு, கீழே பேருந்து போக மேலே தீயணைப்புக் குழாயில் நடக்கும் காட்சியை விட 'இயற்கை வாழிடம்' இன்றைக்கு எது?

ஆக, பையனுக்கு. 'எல்லாம் பொய்' என்று விடவும் வேண்டாம், 'எல்லாம் நிஜம்' என்று சமாதானம் சொல்லவும் வேண்டாம். ஒன்பது வயதுக்கு இது ஒரு விளையாட்டாகவே போதும். ஒரு காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இசையும் வர்ணனையும் போய்விட்டால் பயங்கர வில்லனாக இருந்த பாம்பு சும்மா சாப்பாடு தேடுகிற பாம்பாகிவிடும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமரா எங்கே நின்றிருக்கும் என்று கேளுங்கள், வளைக்குள்ளே இருந்து எடுத்தது என்றால் வளையை யார் வெட்டியது என்று அவனே யோசிப்பான். பிபிசி தொடர்களில் சிலவற்றில் பாகம் முடிந்ததும் எப்படி எடுத்தார்கள் என்று பத்து நிமிடம் வரும், பலர் அதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள், உங்கள் மகன் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

செந்தூலில் இருந்து பத்துமலை எவ்வளவு தூரம், கொமுட்டர் ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரம். சாமி கும்பிட்டுவிட்டு 272 படி ஏறி இறங்கியதும் ஓடிவராமல், ஒரு சாதாரண வார நாள் காலையில் படிக்கட்டு ஓரமாக ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்த நீள்வால் குரங்குகள் 2022இல் அழியும் ஆபத்தில் இருக்கும் இனமாக அறிவிக்கப்பட்டவை, நாம்தான் அவற்றைத் தேங்காய்த் திருடர்கள் என்று மட்டும் தெரிந்துவைத்திருக்கிறோம். யார் யாருக்குப் பேன் பார்க்கிறது, யார் வந்தால் யார் எழுந்து இடம் விடுகிறது, கன்னத்துப் பைக்குள் எவ்வளவு அடைக்கிறது என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே இருக்கும், ஆண்கள் வளர்ந்ததும் வெளியே போய்விடும், இரண்டு மூன்று தடவை போனால் முகம் பழகிவிடும். பிளாஸ்டிக் பையும் வாழைப்பழமும் கையில் வேண்டாம், கண்ணுக்குக் கண் முறைக்க வேண்டாம், பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம், அவற்றுக்கு அது வேறு அர்த்தம்.

கடைசியாக, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். 2006இல் வந்த முதல் 'பிளானட் எர்த்' தொடரில் குகைகளைப் பற்றிய பாகத்தைப் போடுங்கள், சபாவின் கோமந்தோங் குகையும் சரவாக் மான் குகையும் அதில் வருகின்றன, நம்ம நாடு. லட்சக்கணக்கான வௌவால்களும் அவற்றின் எச்சத்தை நம்பி வாழ்கிற கூட்டமும் அவனுக்குப் பிடிக்கும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போடாதீர்கள் அக்கா, எச்சக் குவியல் முழுக்கக் கரப்பான்.